வால்வுகள் எல்லாம் எரிகின்றன. ஆம்ப்ளிபயரில் மட்டும் ஒலியே இல்லை

ஆறுதந்தி (சுங்கை சிப்புட், பேராக்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழா, திருமண விருந்து, பொங்கல் விழா என்று சுற்றுவட்டாரத்தில் அழைக்கும் மேடைகளுக்கெல்லாம் நான் எடுத்துச் செல்வது ஒரு பழைய 15 வாட் வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயர். ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ வகை அது. முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள், கடைசிப் பகுதியில் இரண்டு இஎல்84 வால்வுகள், 12 அங்குலத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, பின்புறத்தில் எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்குகள் (ஒலியை மாற்றும் வெளிக்கருவிகளை இடையில் இணைக்க). ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிபயருக்கு வால்வு கிடையாது, டயோடுகள்தாம்.

அண்மையில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் குறையின்றி ஒலித்தது. நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏற்றி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் மாலை போட்டுப் பார்த்தால் பேச்சு மூச்சே இல்லை. முன்பக்க விளக்கு எரிகிறது. ஐந்து வால்வுகளிலும் செந்நிற இழை தெரிகிறது. எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பினாலும் கிட்டார் ஒலி வரவில்லை என்பது மட்டுமன்று, ஸ்பீக்கரில் காதை வைத்தால் வழக்கமாகக் கேட்கும் 'உம்' என்ற முனகலும் இரைச்சலும்கூட மருந்துக்கும் இல்லை. உயர் மின்னழுத்தத்தை மட்டும் நிறுத்தி வைக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டும்போது வரும் 'டொக்' ஓசையும் நின்றுவிட்டது.

கிட்டாரையும் வயரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். பின்பக்கத்து பியூஸ் நல்ல நிலையில் இருக்கிறது. பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல், ஐந்து வால்வுகளையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். என்னிடம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. சோல்டர் வைக்கவும் ஓரளவு தெரியும். ஆனால், வால்வுச் சாதனம் எதையும் இதுவரை திறந்ததில்லை.

மேடைக்காரன் (கோலகங்சார்):

பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன, தம்பி. முதலில் ஸ்பீக்கர் வயர். குலுங்கி வந்த பெட்டியில் ஸ்பீக்கரின் பின்னால் செருகியிருக்கும் தகட்டு முனைகள் கழன்றிருக்கலாம். வயரை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றி, அதன் பிளக்கில் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். 'டப்' என்று ஒலித்துக் கூம்பு அசைந்தால் வயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். அது முடியும்வரை குமிழ்களை ஏற்றி வைத்துத் தந்தியை மீட்டாதீர்கள். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்ப்ளிபயரை முழு வேகத்தில் ஓட்டினால் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி உள்சுற்றின் காப்பு பிய்ந்துபோகும்.

அடுத்தது எஃபெக்ட்ஸ் லூப். 'சென்ட்' ஜாக்கிலிருந்து 'ரிட்டர்ன்' ஜாக்குக்கு ஒரு குட்டை வயரைச் செருகிப் பாருங்கள். எதுவும் செருகாதபோது இந்த இரண்டையும் இணைத்து வைப்பது ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறு தகடுதான். நம் ஊர் ஈரப்பதத்தில் அது கறுத்துப்போனால் ஒலி அங்கேயே நின்றுவிடும். குட்டை வயரைப் போட்டதும் ஒலி வந்தால் கோளாறு அந்தத் தகட்டில் இருக்கிறது. தொடர்புமுனைகளைச் சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளித்து பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தால் சரியாகிவிடும். என்னிடம் வந்த ஒரு பெட்டியில் அந்த ஜாக்குக்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே தெரிந்தது செம்மண் சுவர்தான்.

பேஸ்_பினாங்கு:

வால்வு ஆம்ப்ளிபயரில் முதலில் போவது வால்வுதான். இஎல்84 இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. எப்படியும் அவை தேயும் பொருள்கள். வாங்கி வைத்தால் வீண் போகாது.

வானொலிப் பட்டறை (ஈப்போ):

பினாங்கு நண்பரின் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு இஎல்84 வால்வுகளும் ஒரே இரவில் ஒன்றாகச் சாவது மிக அரிது. ஒன்று மட்டும் செத்திருந்தால் ஒலி குறைந்து கரகரப்பாகக் கேட்கும், அடியோடு நிற்காது. உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போயிருக்கும் அல்லது வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகடு சிவந்திருக்கும். கேட்டவர் சொல்லும் அறிகுறிகளில் இவை எதுவுமே இல்லை. இந்த நிலையில் புது வால்வு வாங்கிச் செருகினால், அதுவும் அழகாகச் சிவந்து எரிந்துகொண்டு சும்மா இருக்கும்.

இழை எரிவதைக் கண்டு வால்வு வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அடுப்பு எரிவது பால் பொங்கிவிட்டதற்குச் சாட்சியாகாது. ஹீட்டர் இழைக்கு வேண்டிய 6.3 வோல்ட் பவர் டிரான்ஸ்பார்மரின் தனிச் சுற்றிலிருந்து வருகிறது. ஒலியை உண்டாக்கும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட உயர் மின்னழுத்தம் வேறொரு சுற்றிலிருந்து, டயோடுகள், ஸ்டாண்ட்பை சுவிட்ச், கெப்பாசிட்டர்கள், ரெசிஸ்டர்கள் என்று பல படிகளைத் தாண்டி வருகிறது. முதல் வழி நலமாக இருக்கும்போதே இரண்டாவது வழி எங்காவது அறுந்திருக்கலாம்.

மேடைக்காரர் சொன்ன ஜாக் சோதனை நல்லது, செலவில்லாதது, செய்துவிடுங்கள். ஆனால், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கோளாறு முன்பகுதியிலோ லூப் ஜாக்கிலோ இருந்தால், கிட்டார் ஒலி நின்றாலும் கடைசிப் பகுதி உயிரோடு இருக்கும். ஸ்டாண்ட்பையைத் தட்டும்போது 'டொக்' கேட்கும், ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய முனகல் இருக்கும். இங்கே அதுவும் இல்லை என்கிறார். முனகலோடு ஊமையான பெட்டியும் முனகல்கூட இல்லாமல் ஊமையான பெட்டியும் வெவ்வேறு நோயாளிகள். இரண்டாவது வகைக்கு மூன்று இடங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ஸ்பீக்கர் வழி அறுந்திருக்கலாம், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிருக்கலாம், உயர் மின்னழுத்தம் இஎல்84 வால்வுகளுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஸ்பீக்கரைப் பேட்டரியால் சோதித்தபின் மிஞ்சும் இரண்டையும் மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ரெக்டிபயரை அடுத்துள்ள முதல் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நலமாக இருக்கும் ஆம்ப்ளிபயரை நிறுத்தினால், இன்னும் சூடாக இருக்கும் வால்வுகளே அந்த மின்சாரத்தைச் சற்று நேரத்தில் உறிஞ்சித் தீர்த்துவிடும். இப்படி முனகல்கூட இல்லாமல் ஊமையாகிவிட்ட ஆம்ப்ளிபயரில் வால்வுகள் மின்சாரம் இழுக்காமல் இருக்கலாம். ஆகவே, மின்சாரத்தை வடித்துவிடும் ரெசிஸ்டர் தனியாக இல்லாத பெட்டிகளில், நிறுத்தி வெகுநேரம் ஆன பின்பும் அது அப்படியே காத்திருக்கும். 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 380 வோல்ட் நின்றால் அது ஏறக்குறைய 3.4 ஜூல் ஆற்றல்; கையிலிருந்து நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 22 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு காப்பிட்ட வயர்களைப் பற்றவைத்து, ஒரு முனையைச் சேசிஸில் (உள்ளே உள்ள உலோகச் சட்டத்தில்) கிளிப்பால் பொருத்தி, மறுமுனையைக் கெப்பாசிட்டரின் நேர்முனையில் பத்து விநாடி வையுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்த பின்னரே உள்ளே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்; அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணிலும் பொறி பறக்கும்.

பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் மீட்டரில் பாருங்கள். மேடையில் முனகல் வருகிறது என்று பிளக்குக்குள் எர்த் வயரைக் கழற்றிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில், ஒரு கையில் கிட்டார் தந்தியும் உதட்டருகே மைக்குமாக நிற்கும் பாடகருக்கு அது என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இனி அளக்கும் முறை. ஸ்பீக்கர் இணைந்தே இருக்கட்டும். குமிழ்கள் எல்லாம் சுழியத்தில் இருக்கட்டும். மீட்டர் 600 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குவதாக இருக்க வேண்டும். கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப்பால் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரே கையால் பிடியுங்கள். மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இஎல்84 சாக்கெட்டை வயர் அல்லது சோல்டர் தெரியும் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து, பின்களுக்கிடையே உள்ள அகன்ற இடைவெளியிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணினால், 3ஆம் பின் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை), 4உம் 5உம் ஹீட்டர், 7ஆம் பின் பிளேட், 9ஆம் பின் ஸ்க்ரீன் கிரிட் (அவற்றைப் பிளேட்டை நோக்கி இழுக்கும் வலை). முதல் கெப்பாசிட்டர், 7, 9, 3 என்ற வரிசையில் டி.சி. வோல்ட்டை அளந்து எழுதுங்கள். பிறகு 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் 1ஆம், 6ஆம் பின்கள். அவற்றை எழுதி அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம். அதுவரை எந்தக் கடைக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

ஆறுதந்தி:

மிக்க நன்றி, ஐயா. மேடைக்காரர் அண்ணன் சொன்னபடி பேட்டரியை வைத்ததும் ஸ்பீக்கர் 'டப்' என்றது, மீட்டரில் 6.6 ஓம் காட்டியது. லூப் ஜாக்குகளுக்கு இடையே வயர் போட்டும் மாற்றமில்லை.

எர்த் விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது அப்படியே இருந்தது. பிளக்கைத் திறந்தபோது பச்சை மஞ்சள் வயர் வெட்டி மடக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் செய்த வேலையாக இருக்க வேண்டும். முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்கினேன்.

முதல் கெப்பாசிட்டரில் 386 வோல்ட். இரண்டு இஎல்84 வால்வுகளிலும் 7ஆம் பின்னில் அதே 386. 9ஆம் பின் இரண்டிலும் சுழியம். 3ஆம் பின்னிலும் சுழியம். 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் 1, 6 பின்களில் எங்கும் ஒன்றுமில்லை. ஹீட்டரில் 6.5 வோல்ட் ஏ.சி. இருக்கிறது. நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து அளந்தபோதும் முதல் கெப்பாசிட்டரில் 300க்கு மேல் நின்றது. நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் கையை வைத்திருப்பேன்.

வானொலிப் பட்டறை:

இந்த எண்களே கோளாற்றின் இடத்தைக் காட்டிவிட்டன. இரண்டு பிளேட்டுகளிலும் 386 வோல்ட் வருவதால் டயோடுகள், ஸ்டாண்ட்பை சுவிட்ச், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரிச் சுற்று (வால்வுப் பக்கத்துச் சுற்று) ஆகியவற்றின் வழி அறுபடவில்லை. அந்த டிரான்ஸ்பார்மர்தான் இந்தப் பெட்டியிலேயே விலை கூடிய உறுப்புகளில் ஒன்று. அது தப்பியதற்கு மாரியம்மனுக்கு நன்றி சொல்லுங்கள். 386 என்பது இயல்பைவிட அதிகம். யாரும் மின்சாரம் இழுக்காததால்தான் மின்னழுத்தம் அப்படி ஏறி நிற்கிறது. கேத்தோடில் சுழியம் என்பதும் அதையே சொல்கிறது: வால்வுகளின் வழியே எதுவும் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்றால், ஸ்க்ரீனில் மின்னழுத்தம் இல்லை. பிளேட்டில் எவ்வளவு இருந்தாலும் ஸ்க்ரீன் சுழியத்தில் கிடந்தால் இஎல்84 ஏறக்குறைய மூடிய கதவுதான். ஸ்க்ரீனுக்கும் முன்பகுதி வால்வுகளுக்கும் ஒருசேர மின்சாரம் போய்விட்டதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் அறுபட்டிருக்கிறது. முதல் கெப்பாசிட்டருக்கும் இரண்டாவது கெப்பாசிட்டருக்கும் நடுவே ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கும். பெரும்பாலும் செவ்வக வடிவத்தில் வெள்ளை நிறச் சிமெண்டு உடலோடு, 5 வாட் என்று அச்சிட்டு நிற்கும். அதைத் தேடுங்கள்.

மின்சாரத்தை வடித்த பிறகு அந்த ரெசிஸ்டரின் இரண்டு கால்களில் மீட்டரை நேராக வைத்து ஓம் அளவு பாருங்கள். பிறகு போர்டின் மறுபக்கத்தில், கால்களைத் தொடாமல், அவை சேரும் செம்புத் தடங்களில் வைத்துப் பாருங்கள். கால்களில் அளவு சரியாக வந்து தடங்களில் வராவிட்டால், ரெசிஸ்டர் நல்லது. சோல்டர் விரிசல் விட்டிருக்கிறது. காம்போ பெட்டிகளில் இது அதிகம். வால்வுகள் தலைகீழாகத் தொங்குவதால் அவற்றின் சூடு முழுவதும் மேலேறிப் போர்டைத் தாக்குகிறது. கனமான சிமெண்டு உடல் இரண்டு மெல்லிய கால்களில் நின்றுகொண்டு, கீழே ஸ்பீக்கர் அதிர அதிர ஆடுகிறது. அதற்கு மேல் உங்கள் செம்மண் சாலை.

ரெசிஸ்டரே கருகியிருந்தால் மட்டும் உடனே மாற்றிவிடாதீர்கள். அதைக் கருக்கிய ஷார்ட் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது கெப்பாசிட்டரிலிருந்து சேசிஸுக்குச் சில ஓம்களே காட்டினால் அந்தக் கெப்பாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேஸ்_பினாங்கு:

இப்படியொரு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, ஐயா. ஓர் ஐயம்: 5 வாட் இருந்த இடத்தில் 10 வாட் போட்டால் இன்னும் உறுதியாக இருக்காதா?

வானொலிப் பட்டறை:

சூட்டுக்கு நல்லது, அதிர்வுக்குக் கெட்டது. 10 வாட் ரெசிஸ்டர் இன்னும் கனமானது. அதே இரண்டு கால்கள்தான் அதையும் தாங்க வேண்டும். இந்த இடத்தில் சும்மா இருக்கும்போது ஓடுவது பதினைந்து மில்லிஆம்பியர் அளவுதான். 470 ஓம் என்று வைத்துக்கொண்டால் அது கால் வாட்டைக்கூட எட்டாது. 5 வாட்டே தாராளம்.

ஆறுதந்தி:

ஐயா சொன்ன இடத்திலேயே இருந்தது. வெள்ளை ரெசிஸ்டரின் மேல் 470 ஓம், 5 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. கால்களில் 471 ஓம். தடங்களில் தொடர்பே இல்லை. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு காலைச் சுற்றிச் சோல்டரில் தலைமுடி அளவுக்குக் கறுப்பு வளையம் தெரிந்தது. ரெசிஸ்டரை விரலால் மெல்லத் தள்ளினால் கால் மட்டும் அந்த வளையத்துக்குள் தனியாக ஆடியது. கருகல் எதுவும் இல்லை. இரண்டாவது கெப்பாசிட்டரிலும் ஷார்ட் இல்லை. இதை எப்படிப் பற்றவைப்பது நல்லது? முதல்முறை போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வானொலிப் பட்டறை:

பழைய சோல்டரின் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள். பழையதை முழுவதும் உறிஞ்சி எடுத்து, காலின் கறுப்பைச் சுரண்டி, புதுச் சோல்டர் பூசி, ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தி வையுங்கள். கால் நீளம் போதுமானால் மறுபக்கத்தில் தடத்தின் மேல் மடித்துப் பற்றவையுங்கள். அப்போது இணைப்பு துளையை மட்டும் நம்பியிராது. உடலின் இரு முனைகளிலும் போர்டோடு சேர்த்துச் சிறிது சிலிக்கான் பசை வைத்தால் ஆட்டம் அடங்கும். காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். போர்டு வெளியே இருக்கும்போதே இஎல்84 சாக்கெட்டின் பின்களையும் மற்றப் பெரிய ரெசிஸ்டர்களின் கால்களையும் பார்த்துவிடுங்கள். ஒன்று விரிந்தால் பக்கத்து வீடும் விரிந்திருக்க வாய்ப்புண்டு.

முதல்முறை போடும்போது மின் வழியில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது நல்லது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கினால் நேர் இணைப்புக்கு மாறலாம். மங்காமல் பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியென்றால் மீண்டும் அதே பின்களை அளந்து எழுதுங்கள். கேத்தோடு ரெசிஸ்டரின் ஓம் அளவும் வேண்டும்.

ஆறுதந்தி:

ஸ்டாண்ட்பையைத் தட்டியதும் 'டொக்' என்றது. கிட்டாரும் பழையபடி முழங்குகிறது. பிளேட்டில் 322, ஸ்க்ரீனில் 318, கேத்தோடில் 11 வோல்ட். இரண்டு வால்வுகளுக்கும் பொதுவாக ஒரே கேத்தோடு ரெசிஸ்டர், 130 ஓம். ஆனால், இஎல்84க்குப் பிளேட் வரம்பு 300 வோல்ட் என்று அதன் தகவல் தாளில் இருக்கிறதே, 322 ஆபத்தில்லையா?

வானொலிப் பட்டறை:

நல்ல கேள்வி. தாளில் 300 என்று இருப்பது உண்மைதான். கிட்டார் ஆம்ப்ளிபயர் செய்கிறவர்கள் அதைத் தாண்டி ஓட்டுவது நெடுநாள் வழக்கம். 322இல் நான் கவலைப்படுவது வோல்ட்டைப் பற்றியன்று, பிளேட்டில் சேரும் சூட்டைப் பற்றி. 11 வோல்ட்டை 130 ஓமால் வகுத்தால் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 85 மில்லிஆம்பியர், ஒன்றுக்கு 42. அதில் ஸ்க்ரீன் பங்கு ஐந்து என்று கழித்தால் பிளேட்டுக்கு 37. கேத்தோடுக்கு மேல் பிளேட்டில் நிற்பது 311 வோல்ட். பெருக்கினால் 11.5 வாட். வரம்பு 12 வாட். விளிம்பில் இருக்கிறது, ஆனால் உள்ளேதான். இந்த வால்வுகள் சற்று விரைவாகத் தேயும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேத்தோடு வோல்ட்டை மறுபடியும் அளந்து பாருங்கள். 11ஐ ஒட்டியே நின்றால் ஸ்குரூக்களை முடுக்கிவிடலாம். ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.